வலி நின்ற பின்பும் மறுபடி வாருங்கள்





இந்தப் பக்கங்களில் கண்புரை, பிரசவம், சர்க்கரை நோய் என்று பலவற்றைப் பற்றி எழுதி வந்திருக்கிறோம். இம்முறை எடுத்துக்கொண்டது சற்றுக் கூச்சமான பொருள். ஆண்களின் விதைப்பையில் வரும் வீக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறோம். பிரசங்க மேடையில் இதை யாரும் பேசுவதில்லை, குடும்ப ஜெபத்திலும் சொல்வதில்லை. ஜெப விண்ணப்பச் சீட்டில்கூட "சரீர பெலவீனம்" என்று இரண்டே வார்த்தையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று நம் ஆதரவாளர்கள் தெரிந்துகொண்டால், அவர்கள் அனுப்பும் காணிக்கை எங்கே போய்ச் சேருகிறது என்பதும் விளங்கும், தங்கள் வீட்டு வாலிபர்களை எச்சரிக்கவும் உதவும் என்று நம்புகிறோம்.

விதைப்பையில் வரும் வீக்கங்களில் பெரும்பாலானவை மருந்தினாலோ சிறு அறுவை சிகிச்சையினாலோ குணமாகிறவை. அவற்றுள் ஒன்று சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட வேண்டியது. இன்னொன்று புற்றுநோய். அந்தப் புற்றுநோயும் முற்றிலும் குணமாக்கக்கூடிய புற்றுநோய்களில் முதல் வரிசையில் இருப்பது. ஆகையால் இங்கே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நோயின் கொடுமை அல்ல, வெட்கத்தினால் கடந்துபோகும் காலம்தான்.

வெட்கத்தினால் போன உயிர்கள்

1890-களில் திண்டிவனத்தில் நடந்ததை உங்களில் அநேகர் கேட்டிருப்பீர்கள். மிஷனெரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்தார்கள். ஒவ்வொருவருடைய மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தாள். ஆண் மருத்துவர் வந்து பார்க்கலாகாது, அவருடைய மகள் ஐடா வரட்டும் என்று கேட்டார்கள். ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்திருந்தார்கள். அந்த இரவே ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு அவர் ஆரம்பித்த சிகிச்சைதான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது.

அன்று பெண்களின் மானம் என்ற பெயரில் மூன்று உயிர்கள் போயின. இன்று பெண்கள் தைரியமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆண்கள்தான் மறைக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாய் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். கூட்டத்துக்குள் ஒளிந்து, பின்னாக வந்து, யாரும் அறியாமல் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள். ஆண்டவர் அவளை வெளியே அழைத்தது வெட்கப்படுத்துவதற்காக அல்ல. மறைவிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்து சமாதானத்தோடு அனுப்புவதற்காகவே. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஆண்களுக்கென்று தனி நேரமும் தனி அறையும் ஒதுக்கியிருப்பது அந்தக் கருத்தோடுதான்.

நோயின் இடம் எது?

விதைப்பைக்குள் இரண்டு விதைகள் உள்ளன. ஒவ்வொரு விதையின் பின்புறத்திலும் மேலிருந்து கீழாக ஒரு சுருள் குழாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர்கள் இதை எபிடிடிமிஸ் என்கிறார்கள். நாம் விதைமேல் குழாய் என்று வைத்துக்கொள்வோம். சுருண்டிருக்கும்போது விரல் நீளம்கூட இல்லாத இந்தக் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 20 அடி வரும். விதையில் உண்டாகும் விந்தணுக்கள் இந்தக் குழாயின் வழியே மெதுவாகக் கடந்து முதிர்ச்சி அடைகின்றன. சிருஷ்டிகரின் கைவேலை எத்தனை நுட்பமானது!

இந்தக் குழாயில் கிருமி தொற்றி வீங்குவதே எபிடிடிமைட்டிஸ். வீக்கம் குழாயில் தொடங்கி விதைக்கும் பரவலாம். புற்றுநோயோ பெரும்பாலும் விதைக்குள்ளேயே தோன்றுகிறது. ஆகவே கட்டி விதையின் பின்னால் உள்ள குழாயில் இருக்கிறதா, விதைக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் டாக்டர் தம் விரல்களால் கேட்கும் முதல் கேள்வி. ஆரம்பத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. நாட்பட்டு எல்லாம் ஒன்றாய் வீங்கிப்போன பின் அனுபவமுள்ள கைகளுக்கும் கடினம்.

கிருமியினால் வரும் வீக்கம்

இது ஒன்றிரண்டு நாட்களில் படிப்படியாக ஏறும். ஒரு பக்கத்தில் வலி, வீக்கம், சூடு, சிவப்பு காணும். காய்ச்சல் இருக்கலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கலாம். நடந்தால் வலி, படுத்து விதைப்பையைத் தாங்கிப் பிடித்தால் சற்று ஆறுதல்.

நம் பக்கத்து ஜனங்கள் இதைச் "சூடு பிடித்துவிட்டது" என்பார்கள். வயலில் நாள் முழுவதும் வெயிலில் நின்றது, லாரியில் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து போனது என்று காரணம் சொல்வார்கள். விளக்கெண்ணெய் தடவி, பற்றுப் போட்டு, இளநீர் குடித்து ஒரு வாரம் பார்ப்பார்கள். இளநீரால் கெடுதல் இல்லை. கெடுதல் அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது? வாலிபர்களில் பெரும்பாலும் உடலுறவினால் தொற்றும் கொனோரியா, கிளமிடியா கிருமிகள். வயதானவர்களில் சிறுநீர்ப்பையிலிருந்து பின்னோக்கி வரும் குடல் கிருமிகள். புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் தங்குகிறவர்களுக்கும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் இது அதிகம்.

இங்கே ஒரு வார்த்தை அவசியம். விதை வீங்கியவன் எல்லாரும் தவறான வழியில் போனவன் என்று எண்ணுவது அறியாமை. அறுபது வயது மூப்பருக்கு இந்த நோய் வந்ததைக் கேட்டு அவருடைய வீட்டாரே சந்தேகக் கண்ணோடு பார்த்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். அவருடைய நோய்க்குக் காரணம் புராஸ்டேட் வீக்கம்தான். மறுபுறம், மெய்யாகவே தவறு செய்து நோயை வருவித்துக்கொண்டவரும் வருகிறார். அவரையும் நாங்கள் நியாயந்தீர்ப்பதில்லை. மருந்து கொடுக்கிறோம். மனைவிக்கும் சேர்த்து மருந்து கொடுக்கவேண்டும் என்று சொல்கிறோம். இல்லாவிட்டால் நோய் மறுபடியும் மாறி மாறித் தொற்றும். பிறகு அவர் விரும்பினால் தனியாக உட்கார்ந்து பேசி ஜெபிக்கிறோம்.

சிகிச்சை எளியது. கிருமிக்கேற்ற ஆன்டிபயாடிக் மருந்து வழக்கமாகப் பத்து நாள். வலி மாத்திரை, ஓய்வு, நிறையத் தண்ணீர், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். விதைப்பை தொங்காமல் லங்கோடு கட்டிக்கொள்ளவேண்டும். நம் தாத்தாமார் கட்டிய கோவணத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு! இரண்டு மூன்று நாளில் வலி குறையவேண்டும். குறையாவிட்டால் உடனே திரும்பி வரவேண்டும். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் சீழ் கட்டலாம், வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், பிள்ளைப்பேற்றுக்கும் தடை வரலாம்.

மணிக் கணக்கில் பார்க்கவேண்டிய நோய்

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன்கள் உள்ள வீட்டார் இந்தப் பகுதியைக் கவனமாய் வாசிக்கும்படி வேண்டுகிறோம். சில பையன்களுக்கு விதை தன் இரத்தக் குழாயின் மேல் தானே முறுக்கிக்கொள்ளும். வலி திடீரென்று, கத்தியால் குத்தியதுபோல வரும். தூக்கத்திலிருந்தே அலறி எழுந்திருப்பான். வாந்தி எடுப்பான். அந்தப் பக்க விதை மேலே ஏறியிருக்கும். சில பையன்கள் வெட்கப்பட்டு "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள்.

இதில் இரத்த ஓட்டமே நின்றுபோகிறது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். நேரம் கடக்கக் கடக்க நம்பிக்கை குறையும், ஒரு நாள் கடந்தால் அநேகமாகக் கருகிவிடும். ஆகையால் வளரும் பையனுக்குத் திடீர் விதை வலி என்றால் அது கிருமியா முறுக்கா என்று வீட்டில் ஆராய வேண்டாம், காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். நடு இரவானாலும் கிளம்புங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் அறுவை செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம்.

வேறு வீக்கங்கள்

காசநோய் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. விதைமேல் குழாயிலும் வந்து தங்கும். வலி குறைவு, குழாய் கெட்டிப்படும், விந்துக்குழாய் முத்துக்கோத்ததுபோல முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். நாட்பட்டால் விதைப்பையின் பின்புறத்தில் புண் திறந்து சீழ் வடியும். சாதாரண ஆன்டிபயாடிக் எத்தனை முறை கொடுத்தாலும் அடங்காது. சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரியும், ஆனால் வழக்கமான சோதனையில் கிருமி வளராது. அப்போதுதான் காசநோயை நினைக்கவேண்டும். குறைந்தது ஆறு மாத மருந்தில் இது குணமாகும். அரசு அந்த மருந்தை இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுக்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் காசநோயாளர் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் இருந்த மிஷன் சானட்டோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் தங்கவேண்டியிருந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே குணம் கிடைக்கும் என்று 1959-ல் உலகத்துக்கு எடுத்துக் காட்டியது. அதனால்தான் இன்று நம் நோயாளி தன் வீட்டில் இருந்துகொண்டே சுகமாகிறார்.

நீர் கோத்து வரும் ஓதம் இன்னொன்று. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கங்களில் யானைக்கால் புழுவினால் இது அதிகமாய் இருந்தது. இருட்டறையில் டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தால் நீர் உள்ள வீக்கம் சிவப்பாக ஒளிரும், கெட்டியான கட்டி ஒளிராது. ஆனால் புற்றுநோய் உள்ள விதையைச் சுற்றியும் சில வேளை நீர் கோக்கும். எனவே ஓதம் என்று தெரிந்தவுடன் திருப்தி அடையாமல் நீருக்குள் இருக்கும் விதையையும் ஸ்கேனில் பார்க்கவேண்டும்.

பொன்னுக்கு வீங்கி வந்த வாலிபருக்கு, கன்னம் வீங்கிய சில நாட்கள் கழித்து விதையும் வீங்கலாம். குடலிறக்கமும் விதைப்பைக்குள் இறங்கி வீக்கமாய்க் காணும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

புற்றுநோய் எப்படி வரும்?

விதைப் புற்றுநோய் நம் நாட்டில் அபூர்வம். இந்தியாவில் ஓர் ஆண்டில் ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் இது தாக்கும் வயதைக் கவனியுங்கள். பெரும்பாலும் 15 முதல் 40 வரை. படிப்பு முடிக்கிற வயது, வேலை தேடுகிற வயது, பெண் பார்க்கிற வயது, கைக்குழந்தையைத் தூக்குகிற வயது. ஒரு வாலிபன் விழுந்தால் ஒரு குடும்பமே விழுகிறது.

இதன் முக்கிய அடையாளம், வலியில்லாத கெட்டிக் கட்டி. விதைக்குள்ளேயே கல்போல இருக்கும். விதைப்பை கனமாகத் தோன்றும். வலி இல்லாததால்தான் மனிதன் ஏமாறுகிறான். நம் ஜனங்களுக்கு வலித்தால்தான் நோய். சிலருக்கு வலியும் வரும் என்பது இன்னும் சிக்கல், ஏனென்றால் அப்போது அது கிருமி வீக்கம் போலவே தோன்றும். வேறு சிலர் ஓர் அடியைக் காரணம் சொல்வார்கள். மாடு முட்டியது, பைக்கிலிருந்து விழுந்தது என்பார்கள். அடி புற்றுநோயை உண்டாக்குவதில்லை. முன்பே இருந்த கட்டியின்மேல் கையைக் கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவுதான்.

பரவிவிட்டால் முதுகு வலி வரும், இருமல் வரும், கழுத்தில் கட்டி காணும், சிலருக்கு மார்பு பெண்களுக்குப்போல் பருக்கும். முதுகு வலி ஏன் என்றால், விதை உண்டாவது விதைப்பையில் அல்ல. தாயின் வயிற்றில் குழந்தை வளரும்போது சிறுநீரகத்தின் அருகே உண்டாகி, பிறப்பதற்கு முன் கீழே இறங்கி வருகிறது. அது இறங்கி வந்தாலும் அதன் நிணநீர் வாய்க்கால்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போகின்றன. ஆகவே நோய் முதலில் பரவுவது வயிற்றின் பின்புறத்துக்கு.

சில பிள்ளைகளுக்கு விதை முழுவதும் இறங்காமல் பாதி வழியில் நின்றுவிடும். இவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஸ்வீடனில் இதற்காக அறுவை செய்துகொண்ட ஏறக்குறைய 17,000 ஆண்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். 13 வயதுக்குமுன் அறுவை செய்தவர்களுக்கு வந்த ஆபத்து மற்ற ஆண்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு, அதற்குப்பின் செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். இப்போது ஒன்றரை வயதுக்குள்ளேயே அறுவை செய்யும்படி சொல்கிறார்கள். ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிமாரும் தாய்மாரும் இரண்டு விதையும் பைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது வெட்கமான காரியமல்ல.

பிரித்தறிவது எப்படி?

முதலில் டாக்டர் நோயின் வரலாற்றைக் கேட்கிறார். எத்தனை நாளாய், வலி எப்படி, காய்ச்சல் உண்டா, சிறுநீரில் எரிச்சல் உண்டா என்று கேட்கிறார். பின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்க்கிறார். சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்.

அடுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்குச் செய்கிற அதே ஸ்கேன்தான். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. கட்டி குழாயில் இருக்கிறதா விதையில் இருக்கிறதா, நீரா கெட்டியா என்று அது காட்டும். இரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம். கிருமி வீக்கத்தில் ஓட்டம் அதிகரிக்கும், முறுக்கிக்கொண்ட விதையில் நின்றுபோகும்.

புற்றுநோய் என்று சந்தேகித்தால் இரத்தத்தில் மூன்று பொருள்களை அளக்கிறார்கள். அவற்றில் ஒன்று, கர்ப்பம் தரித்ததை அறியும் பரிசோதனையில் தேடுகிற அதே ஹார்மோன். ஆணின் இரத்தத்தில் அது உயர்ந்திருந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும். ஆனால் இவை சரியாக இருப்பதனாலேயே புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. புற்றுநோய்ச் சந்தேகமுள்ள விதையில், விதைப்பையின் வழியாக ஊசி குத்திச் சதை எடுக்கவோ கீறவோ கூடாது. விதையின் நிணநீர் வயிற்றுக்குப் போகிறது, விதைப்பைத் தோலின் நிணநீர் இடுப்பு மடிப்புக்குப் போகிறது. பையைக் கீறினால் ஒரு வாய்க்காலில் போகிற தண்ணீரைக் கரை உடைத்து அடுத்த வாய்க்காலிலும் விடுவதுபோல் ஆகும். ஆகையால் அடிவயிற்று மடிப்பில் கீறி, விதையை மேலே எடுத்து அகற்றுகிறார்கள். சிறு ஊர்களில் "சும்மா கீறிப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பிளாட்டினம் தந்த ஜீவன்

1970-களின் ஆரம்பம் வரை, பரவிவிட்ட விதைப் புற்றுநோய் வந்த வாலிபர்களில் பெரும்பாலோர் மரித்தார்கள். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர் மின்சாரத்துக்கும் கிருமிகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய பிளாட்டினக் கம்பிகளிலிருந்து கரைந்த பொருள் கிருமிகள் பெருகுவதைத் தடுத்ததைக் கண்டார். அதிலிருந்து சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வந்தது. 1974-ல் இண்டியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து விதைப் புற்றுநோயாளருக்குக் கொடுத்தார். கைவிடப்பட்ட வாலிபர்கள் எழுந்து நடந்தார்கள். 1996-ல், 25 வயதில், மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு இந்த நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னாளில் ஊக்கமருந்துக் குற்றத்தால் அவர் பட்டங்களை இழந்தார். ஆனால் உயிரை இழக்கவில்லை.

இன்று ஆரம்ப நிலையில் வருகிறவர்களில் ஏறக்குறைய அனைவரும் குணமாகிறார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தொடர்ந்த கண்காணிப்புமே போதும். பரவிய பின் வருகிறவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை ஆகிய இடங்களில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

"ஒன்றை எடுத்துவிட்டால் கல்யாணம் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். செய்யலாம். நல்ல நிலையில் உள்ள ஒரு விதையே ஆண்மைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பொதுவாகப் போதுமானது. மருந்து ஏற்றுவதற்கு முன் விந்தணுவைச் சேமித்து உறையவைக்கும் வசதியும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. முன்னமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டாம் வருகை

மேலே சொன்ன யாவும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ஒரு வாலிபர் வலியோடும் வீக்கத்தோடும் வருகிறார். புற்றுநோய் அபூர்வம், கிருமி வீக்கம் சாதாரணம். டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார். அது சரியான வைத்தியமே. "இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வரவேண்டும்" என்று சீட்டில் எழுதுகிறார். வாலிபருக்கு நான்காம் நாளே வலி குறைகிறது. அவர் வரமாட்டார். ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு ஆகும், மறுபடியும் அவிழ்த்துக் காட்டவேண்டும். வலி நின்றுவிட்டதே!

வலி நிற்பது ஒன்று, கட்டி கரைவது வேறொன்று. மருந்து முடிந்த பின்பும் விதையில் கெட்டி இருக்குமானால் அதைக் கிருமி வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்த இரண்டாம் வருகையில்தான் இவை பிடிபடுகின்றன.

வைகைக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து கட்டட வேலைக்குப் போகிற ஒரு வாலிபர் இப்படித்தான் வந்தார். ஏற்கனவே ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி இரண்டு தடவை சாப்பிட்டிருந்தார். எங்கள் டாக்டர் முழு அளவு மருந்து கொடுத்து, வரவேண்டிய தேதியையும் எழுதிக் கொடுத்தார். தேதி கடந்தும் அவர் வரவில்லை. எங்கள் கிராம சுகாதாரப் பணியாளர், தாமும் ஒரு தகப்பனானவர், சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். "வலி போச்சுண்ணே, நல்லாயிட்டேன்" என்றார் வாலிபர். "வலி போனது சந்தோஷம் தம்பி. கட்டி போச்சா?" என்று பணியாளர் கேட்டார். பதில் இல்லை. மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஸ்கேனில் விதைக்குள்ளேயே கட்டி தெரிந்தது. மதுரைக்கு அனுப்பினோம். அறுவையும் மருந்தும் முடிந்து, இன்று அவர் மறுபடியும் சாரத்தின்மேல் ஏறி நிற்கிறார். தேவனுக்கே மகிமை.

உங்கள் காணிக்கை செய்வது

அன்பானவர்களே, அறுவைக்கும் மருந்துக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அநேகருக்கு உதவுகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் எந்தக் காப்பீட்டு அட்டையும் பஸ் டிக்கெட் வாங்காது, இழந்த கூலியைத் தராது, திண்ணையில் போய் உட்காராது. நீங்கள் அனுப்பும் ஸ்தோத்திரக் காணிக்கையும், சேகரங்களிலிருந்து வரும் அறுப்புப் பண்டிகைப் பங்கும் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகின்றன. திரும்பி வரவேண்டியவர்களின் பெயர் எழுதிய நோட்டு, பணியாளரின் சைக்கிளுக்கும் போனுக்கும் ஆகும் செலவு, ஏழை நோயாளிக்கு ஸ்கேன் கட்டணத்தில் விலக்கு, துணைக்கு ஒருவர் மதுரைவரை போய் வரும் படி ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை, திறப்பு விழாவும் இல்லை. ஆனாலும் அந்த வாலிபரின் உயிர் இவற்றின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

பணத்தைவிட எளிதான ஓர் ஊழியமும் உண்டு. உங்கள் சபையின் ஆண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் பின்வருவனவற்றைச் சொல்லிவிடுங்கள்.

1. மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்த பின் விதைகள் இரண்டையும் விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டிப் பார்ப்பது நல்லது. பின்னாலுள்ள மெதுவான சுருள் குழாய் இயற்கையானது. விதைக்குள் புதிதாய்க் கெட்டி இருந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

2. திடீரென்று கடும் வலி வந்தால் அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

3. வலியில்லாத கட்டியை இரண்டு வாரத்துக்குமேல் மறைத்து வைக்கக்கூடாது.

4. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடக்கூடாது.

5. மருந்து முடிந்ததும், வலி இல்லாவிட்டாலும், டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி வரவேண்டும்.

ஜெபக் குறிப்புகள்

வெட்கத்தினால் நோயை மறைத்துவைத்திருக்கும் ஆண்கள் தைரியமாய் வெளியே வரும்படி ஜெபியுங்கள். வெயிலிலும் மழையிலும் கிராமங்களுக்குப் போகும் எங்கள் சுகாதாரப் பணியாளர்களுக்காக ஜெபியுங்கள். மதுரையிலும் சென்னையிலும் சிகிச்சையில் இருக்கும் நம் நோயாளிகளுக்காகவும், அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கும் மனைவி பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள். எங்கள் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பொறுமையும் கூர்மையான கைகளும் கிடைக்க ஜெபியுங்கள்.

உங்கள் ஒவ்வொருவரையும் உங்கள் குடும்பங்களையும் கர்த்தர் ஆசீர்வதித்துக் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகரும் ஊழியர் குடும்பமும்
சமயநல்லூர்